நாற்பது லிட்டர்

அந்த விமானத்தைக் கடைசியாகத் தொட்டவன் நான்.
வலது இறக்கையில் டாங்கி மூடியைத் திருகிவிட்டு
வழக்கம்போல் இரண்டு தட்டு.
ஓரெஸ்ட் வசிலிஷன் நோட்டுகளை எண்ணித் தந்தான்,
மீதி வேண்டாம் என்றான்.
நாற்பது லிட்டர், வலது பக்கம் மட்டும்.
இடதில் பாதி கிடக்கு, போதும்.

பயிருக்கு மருந்தடிக்கும் விமானம் இறங்கட்டும் என்று
ஓடுபாதை முனையில் கால்மணி நேரம்
இன்ஜினை முணுமுணுக்க விட்டுக் காத்திருந்தான்.
பிறகு ஏறினான்.
பிறகு சத்தம் நின்றது.
நான் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்,
பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

சஸ்காச்சுவானில் ஜூன் கடைசி.
கண்ணுக்கெட்டிய தூரம் கனோலா பூத்து மஞ்சள்,
அந்த மஞ்சளில் ஓர் ஓட்டை.

அன்று மாலைக்குள் ஊரே விமானி ஆகிவிட்டது.
வாத்துக் கூட்டம் என்றாள் காபி ஊற்றும் டார்லா.
குறுக்குக் காற்று என்றான் தானியக் கிடங்கு எல்மர்,
அன்று கொடித்துணிகூட அசையவில்லை என்பதை
யாரோ சொன்ன பிறகும்.
இதயமாக இருக்கும் என்று தொடங்கிய மருந்துக்கடைக்காரர்
தான் விற்ற மாத்திரை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.
கடன், என்றது பின்மேசையில் ஒரு குரல்.
யாரும் திரும்பவில்லை.

பெட்ரோல் என்று ஒருவரும் சொல்லவில்லை.
நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் அல்லவா.

வின்னிபெக்கிலிருந்து மிரெய் கூர்ஷேன் வந்தாள்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மூக்கில் வெயில் களிம்பு.
விசிறியைத்தான் முதலில் பார்த்தாள்.
ஓர் அலகு வளைந்து, மற்றது அப்படியே நேராக.
விழும்போது இது சுற்றவில்லை, என்றாள்,
பால்காரர் வரவில்லை என்பதுபோல.

என்னிடம் ஒரே கேள்வி:
காலையில் மாதிரி எடுத்துப் பார்த்தீர்களா?

தினமும் எடுக்கிறேன். பதினாறு வருஷமாக.
கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்குவேன்.
பெட்ரோல் வெளிறிய நீலம்.
தண்ணீர் கலந்திருந்தால் அடியில்
ஒரு கண்போல உருண்டு கிடக்கும்.
எடுத்தேன் என்றேன்.
எந்தக் காலையின் நீலம் அது?
பதினாறு வருஷத்துக் காலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன,
அந்த ஒன்றை மட்டும் உருவ முடியவில்லை.
ஜாடியைக் கொண்டுபோனாள். சுத்தம் என்று பதில் வந்தது.
ஜாடியில் தேதி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, என்றாள் கிளம்பும்போது.
இருபது டிகிரி வெயிலிலும், காற்றில் ஈரம் இருந்தால்
கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டும்,
சும்மா நின்று ஓடும்போது இன்னும் சுலபமாக.
இன்ஜின் மூச்சு முட்டிச் சாகும்.
நான் பூட்ஸ் மாட்டுவதற்குள் அது உருகிப் போயிருக்கும்.
இருபது வருஷத்தில் ஒருமுறைகூட
அதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

நேரே முன்னால் ஒரு மைல் தட்டை வயல்.
அவன் ஏன் திரும்பினான் என்று கேட்டேன்.
முக்கால்வாசிப் பேர் திரும்புகிறார்கள், என்றாள்.
ஓடுபாதை தெரிகிறதே.

அறிக்கை வந்தபோது வயலில் மறுபடி விதைத்திருந்தார்கள்.
பதினொரு பக்கம்.
டாங்கி மாற்றும் திருகு
இடதுக்கும் வலதுக்கும் நடுவில் இருந்ததாம்.
அவன் கை விட்ட இடமா, மோதல் தள்ளிய இடமா,
தீர்மானிக்க முடியவில்லை.
பனி: முடியவில்லை.
எரிபொருள்: குறை எதுவும் காணப்படவில்லை.
காணப்படவில்லை என்ற சொல்லிலேயே
நான் வெகுநேரம் நின்றேன்.

மீதிச் சில்லறை இரண்டு டாலர் நாற்பது
கல்லாவின் மூலையில் தனியாகக் கிடக்கிறது.
ஹலீனா இரண்டு முறை கடைப்பக்கம் வந்தாள்,
இரண்டு முறையும் கொடுக்கவில்லை.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
ஜாடி, தேதி, மணி, என் கையெழுத்து.
எந்த டாங்கியில் ஏறப்போகிறாய் என்று
ஒவ்வொருவனையும் கேட்கிறேன், சிரிக்கிறார்கள்.
ராத்திரி சில சமயம் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுவேன்.
அது ஜூலை இரண்டில் தொடங்குகிறது.